காற்றுக்கு ஒரு நகரம், மேப்பிளுக்கு ஒரு நகரம்

இலையுதிர்காலத்தில் சைக்கிளில் ஊர் சுற்ற எந்த ஊருக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் இரண்டு ஊர்களைச் சொல்வேன். ஒன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன், மற்றது ஜப்பானின் கியோட்டோ. இரண்டும் பெரும்பாலும் சமதளம். இரண்டிலும் பள்ளிப் பிள்ளை முதல் பாட்டி வரை சைக்கிள் மிதிக்கிறார்கள். ஒரு கோடியில் கிளம்பி மறுகோடிக்குப் போய், சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்ற அளவில்தான் இரண்டும் இருக்கின்றன.

ஒற்றுமை அவ்வளவுதான். கோபன்ஹேகன் சைக்கிளுக்கென்று பாதை கட்டிக் கொடுத்த ஊர். கியோட்டோவில் அப்படிப் பெரிதாக எதுவும் கட்டவில்லை. சைக்கிள்காரர்களே சந்துகளையும் ஆற்றங்கரையையும் பிடித்துக்கொண்டு ஊரைத் தமக்கு வசப்படுத்திக் கொண்டார்கள். இந்த ஒரு வேறுபாட்டினால் ஊர் சுற்றுவதன் சுகமே வேறாகிவிடுகிறது. முதல் ஊரில் அது ஓட்டத்தில் இருக்கிறது, இரண்டாவது ஊரில் நிறுத்தி நிறுத்திப் போவதில் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. காற்று, மழை, சீக்கிரம் வந்துவிடும் இருட்டு, கண்ணை இழுக்கும் மரங்கள் என்று சைக்கிள்காரரைச் சோதிக்கும் எல்லாமே அந்தப் பருவத்தில் ஒன்றாக வந்து சேருகின்றன.

கோபன்ஹேகனின் பாதை அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். கார் ஓடும் தளம். அதைவிட ஒரு படி உயரத்தில் சைக்கிள் பாதை. அதைவிட இன்னொரு படி உயரத்தில் நடைபாதை. வெறும் கோடு போட்டுப் பிரித்ததில்லை, கல் விளிம்பு வைத்துக் கட்டியது. கார்க்காரர் தவறிக்கூட உள்ளே வர முடியாது. முக்கியமான சாலைகள் எல்லாவற்றிலும் இரு பக்கமும் இந்தப் பாதை ஓடுகிறது. புதிதாக வருகிறவர் முதல் சில நிமிடங்கள் பின்னால் ஏதோ வண்டி வருகிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பிறகு அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போகும். முதுகில் இருந்த பயம் இறங்குவதை உடம்பே உணரும்.

அக்டோபர் மாதக் காலையில் நொரெப்ரோ சாலையில் ஊருக்குள் போகும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும். மழை அங்கியும் கையுறையும் போட்டவர்கள், முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்து மூன்று சக்கர வண்டி மிதிக்கும் அப்பாக்கள், முதுகில் செல்லோ மாட்டிய மாணவிகள் எல்லாரும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. காலையில் ஊருக்குள் போகும் திசையிலும் மாலையில் வெளியே வரும் திசையிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத் தொடர்ந்து பச்சை விளக்கே கிடைக்கும்படி சிக்னல்களை ஒத்திசைத்து வைத்திருக்கிறார்கள். முரட்டு மிதி தேவையில்லை. வேகமாகப் போகிறவர்தான் சிவப்பில் நிற்க நேரும். நடுத்தரமாக மிதிக்கும் சாதாரண மனிதரை அளவுகோலாக வைத்து ஒரு நகரத்தின் சிக்னல்களைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அந்தச் சாலை லூயிசா ராணிப் பாலத்தில் ஏறும் இடத்தில், இருபக்கக் கட்டடங்களும் சட்டென்று விலகி வானம் திறக்கிறது. பாலத்தின் இருபுறமும் நீண்ட ஏரிகள்; கரையோரம் வரிசையாக மரங்கள். வார நாளில் இந்தப் பாலத்தைக் கடக்கும் சைக்கிள்கள் பல்லாயிரம். ஏரியிலிருந்து எழும் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, முன்னால் போகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து மிதிப்பதைக் காணலாம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனாலும் எதிர்காற்றில் தனியாக மிதிப்பதற்கும் நூறு பேரோடு சேர்ந்து மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே காலில் தெரியும். கோபன்ஹேகனின் இலையுதிர்காலம் எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் மரங்களால் வந்ததில்லை, இந்தக் கூட்டத்தால் வந்தது.

கூட்டத்தில் சேர வேண்டுமானால் அதன் முறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் ஒட்டியே போக வேண்டும், முந்துகிறவருக்கு இடப்பக்கம். நிற்கப்போகிறோம் என்றால் முன்கூட்டியே கையைத் தோளுயரம் தூக்கிக் காட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்புகிறவர் குறுக்கே வெட்டித் திரும்பக் கூடாது. நேராகப் போய் எதிர் முனையில் நின்று, அடுத்த பச்சையில் கடக்க வேண்டும். பல வண்டிகளில் பின் பிரேக் கையில் இல்லை, பெடலைப் பின்னோக்கி அழுத்தினால்தான் பிடிக்கும். இடது கையில் பிரேக் தேடிப் பழகிய நமக்கு முதல் நாள் திண்டாட்டம்தான். நனைந்த இலைகள் பாதையில் படிந்திருக்கும் நாளில் அந்தப் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் பின்சக்கரம் வழுக்கும். கடைசிப் பாடம் பெல். பின்னால் ஒரு கிண் சத்தம் கேட்டால், ‘ஒதுங்கு’ என்று பொருள். கோபம் கிடையாது; தயக்கமும் கிடையாது.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இந்த ஓட்டம் ஊர் பார்க்க வந்தவரை நிற்க விடாது. வழியில் ஒரு முற்றத்து வாசல் திறந்திருக்கும், உள்ளே மஞ்சள் இலைகள் கொட்டிக் கிடக்கும். பார்த்து, முடிவு செய்து, கையைத் தூக்கி, ஓரம் கட்டுவதற்குள் அது முப்பது மீட்டர் பின்னால் போயிருக்கும். திரும்பி எதிர்த்திசையில் வருவதும் கூடாது. ஆகவே கோபன்ஹேகனைச் சுற்றிப் பார்க்கிறவர் பெரிய பாதைகளை விட்டு அடிக்கடி இறங்க வேண்டும். அதற்கு நல்ல இடம் அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டம். 1760-இல் தொடங்கிய இந்த இடத்தில்தான் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனும், தத்துவவாதி கீர்கேகார்டும், இயற்பியலாளர் நீல்ஸ் போரும் அடங்கியிருக்கிறார்கள். நடுவே ஓடும் நெடும்பாதையில் சைக்கிளை அனுமதிக்கிறார்கள். இருபுறமும் நெடுநெடுவென்று பாப்லார் மரங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதையே குறுக்குவழியாக வைத்துக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே பெல் அடிக்காமல் மெதுவாக மிதித்துப் போகிறார்கள்.

கியோட்டோவில் எல்லாம் தலைகீழ். 794-இல் தலைநகராக அமைந்தபோது சீனத்தின் சாங்ஆன் நகரத்தைப் பார்த்துச் சதுரங்கக் கட்டம் போலத் தெருக்களை வகுத்தார்கள். அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. வழி தவறினாலும் இரண்டு முறை திரும்பினால் தெரிந்த தெருவுக்கு வந்துவிடலாம். ஊர் தட்டையாகத் தெரிந்தாலும் வடக்கிலிருந்து தெற்கே மெல்லச் சரிகிறது. தெற்கே தோஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் 55 மீட்டர் உயரம். அதன் உச்சியும் வடக்கே கிதாயாமா தெருவின் தரையும் ஒரே மட்டம் என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. முகவரி சொல்லும்போதும் இன்ன சந்திப்பிலிருந்து ‘மேலே ஏறி’, ‘கீழே இறங்கி’ என்றுதான் வடக்கையும் தெற்கையும் குறிக்கிறார்கள். நடந்து போகிறவருக்கும் பேருந்தில் போகிறவருக்கும் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. சைக்கிள்காரரின் தொடை மட்டும் அதை அறியும். காலையில் வடக்கே ஏறிவிட்டு, களைத்த மாலையில் பெடலைத் தொடாமலே தெற்கே இறங்கி வருவது கியோட்டோவில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த வரம்.

வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘மாமாச்சாரி’ என்கிற வீட்டு சைக்கிள்தான். முன்னால் கூடை, வளைந்த தாழ்ந்த சட்டம், இரு கால் ஸ்டாண்டு, பின்சக்கரத்தில் வளையப் பூட்டு. வேகத்துக்கு ஆகாது. ஆனால் கியோட்டோவின் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. நெசவாளர் பகுதியான நிஷிஜின் பக்கம் மர வீடுகளுக்கு இடையே போனால், மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். அப்படியே கால் ஊன்றி நிற்கலாம். பின்னால் பெல் அடிக்க யாரும் இல்லை. ஒரு வாசலில் பூந்தொட்டி, அடுத்த வாசலில் பேரிச்சம்பழ நிறத்தில் உலர்த்திய பெர்சிமன் பழச் சரம், தெருமுனையில் ஜிசோ போதிசத்துவரின் கைக்கடக்கமான சந்நிதி. பத்து மீட்டருக்கு ஒரு முறை நிற்க வைக்கும் ஊர் இது.

ஆனால் பெருந்தெருக்களில் சைக்கிள்காரருக்கு அங்கே நிலையான இடம் கிடையாது. சட்டப்படி சாலையின் இடது ஓரத்தில் போக வேண்டும். அங்கே நீல அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். அதன்மேலேயே டாக்சியும் பேருந்தும் நிற்கும். அதனால் பலரும் நடைபாதையில் ஏறிவிடுகிறார்கள். ஷிஜோ, கவராமாச்சி கடைத்தெருக்களின் சில பகுதிகளில் பகலில் சைக்கிள் ஓட்டவே தடை. கூரை வேய்ந்த அங்காடித் தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கண்ட இடத்தில் நிறுத்தினால் நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும், பணம் கட்டித்தான் மீட்க முடியும். கோபன்ஹேகனில் சைக்கிள்காரர் குடிமகன். கியோட்டோவில், இவ்வளவு பேர் ஓட்டியும், இன்னும் இடைஞ்சலாகத்தான் கருதப்படுகிறார். இது எனக்கு வருத்தமான விஷயம்.

அப்படியும் அந்த ஊர்க்காரர்கள் தமக்கென ஒரு பாதையை உண்டாக்கியிருப்பதைப் பழைய அரண்மனைப் பூங்காவில் பார்க்கலாம். 1869-இல் பேரரசர் தோக்கியோவுக்குப் போனபின், அரண்மனையைச் சுற்றியிருந்த பிரபுக்களின் வீடுகளை அகற்றி உண்டாக்கிய பெரும் பூங்கா அது. ஊரின் நட்டநடுவில் இருக்கிறது, கதவடைப்பு இல்லை. அதன் அகன்ற வீதிகள் முழுக்கச் சரளைக்கல், அதுவும் தடிமனாக. சைக்கிள் சக்கரம் அதில் புதையும், ஹேண்டில்பார் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆனால் அந்தச் சரளை வெளியில் கூர்ந்து பார்த்தால் ஒரு மெல்லிய கோடு தெரியும். ஒரு சாண் அகலம், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். மாணவர்களும் அலுவலர்களும் நாள்தோறும் ஒரே தடத்தில் மிதித்து மிதித்து, கற்கள் இரு பக்கமும் ஒதுங்கி, அடியிலிருக்கும் கெட்டி மண் வெளிப்பட்டு உண்டான தடம். யாரும் திட்டமிடவில்லை; யாரும் பலகை வைக்கவில்லை.

இந்தத் தடத்தில் ஓட்டுவது தனிக்கலை. பார்வையை முன்சக்கரத்துக்கு நாலைந்து மீட்டர் முன்னால் வைக்க வேண்டும். குனிந்து சக்கரத்தையே பார்த்தால் தடம் தவறும். எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் சரளைக்குள் இறங்கியே ஆக வேண்டும். யார் இறங்குவது என்பதற்கு விதி இல்லை. தூரத்திலேயே கண்ணால் பேசி முடிவாகிவிடும். இறங்குகிறவர் முன்கூட்டியே ஓர் அழுத்து அழுத்தி வேகம் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் சரளையில் வண்டி நின்றுவிடும். இறங்கியவருக்கு மற்றவர் தலை தாழ்த்திவிட்டுப் போவார். நவம்பர் கடைசியில் இங்குள்ள ஜிங்கோ மரங்கள் உதிர்க்கும் மஞ்சள் இலைகள் தடத்தின் மேலும் விழுகின்றன. சக்கரங்கள் போகப் போக அந்தக் கோடு மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சும். கோபன்ஹேகனின் கல் விளிம்பு வைத்த பாதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க கியோட்டோவில் என்ன இருக்கிறது என்றால், நான் இந்த ஒன்றரைச் சாண் தடத்தைத்தான் காட்டுவேன். முன்னதை ஒரு நகராட்சி போட்டது. பின்னதைப் போட்டவர்கள் ஊர்க்காரர்கள், தங்கள் டயர்களால்.

இனி நிறங்கள். கோபன்ஹேகன் மஞ்சள், கியோட்டோ சிவப்பு என்று சொல்லிவிடலாம். பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதற்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் தெரிய ஆரம்பிக்கின்றன. பீச், லிண்டன், பாப்லார், ஜிங்கோ எல்லாம் மஞ்சளாவது இப்படித்தான். சிவப்பு வரும் வழி வேறு. ஜப்பானிய மேப்பிள் உதிரப்போகும் தறுவாயில் இலையில் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற நிறமியைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்தால் சிவப்பு ஆழமாகும். கியோட்டோ மூன்று பக்கம் மலை சூழ்ந்த கிண்ணத்தில் இருப்பதால் அந்த இரண்டும் கிடைக்கின்றன. கோபன்ஹேகனைக் கடல் சூழ்ந்திருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் அவ்வளவு மாறுவதில்லை, மேகமும் அதிகம். மரங்களும் பெரும்பாலும் மஞ்சளாகும் இனங்கள்.

சைக்கிள்காரருக்கு இதில் ஒரு பயனுள்ள செய்தி உண்டு. கோபன்ஹேகனில் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் பிற்பாதியில். கியோட்டோவில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. ஒரே ஆண்டில் இரண்டையும் பார்க்க முடியும். பார்க்கும் விதம்தான் வேறு. கோபன்ஹேகனின் மஞ்சள் வழி நெடுகப் பரவியிருப்பதால் ஓடிக்கொண்டே பார்க்கலாம். மேகமூட்டமான நாளில் அதுதான் ஊருக்கு வெளிச்சம். கியோட்டோவின் சிவப்பு தோஃபுகுஜி, எய்கான்தோ, நான்சென்ஜி என்று கோயில் மதில்களுக்குள் திரண்டிருக்கிறது. வண்டியைப் பூட்டி, சீட்டு வாங்கி, செருப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டிய சிவப்பு அது.

வானிலை விஷயத்தில் கோபன்ஹேகன்காரர்கள் பாவம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நவம்பர் இறுதியில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். விளக்கில்லாத சைக்கிளுக்கு அபராதம் உண்டு. பலருடைய வண்டியில் ஸ்போக்ஸில் ஒரு காந்தம் பொருத்தியிருக்கும். சக்கரம் சுற்றினால் விளக்கு தானே மின்னும், பாட்டரியை நினைவில் வைக்க வேண்டியதில்லை. கியோட்டோவின் மழை வேறு மாதிரி. நவம்பரில் வடமலைகளின் மேல் திரண்டு வந்து, ஐந்து நிமிடம் தூறிவிட்டுப் போகும் சாரல். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெய்யும். ஒரு கோயில் வாசல் கூரையின் கீழ் நின்றால் போதும், நின்றுவிடும். குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது மட்டும் சட்ட விரோதம்.

இரண்டு ஊர்களின் குணத்தையும் இரண்டு பாலங்களில் பார்க்கலாம். கோபன்ஹேகனில் 2014-இல் திறந்த ‘சைக்கிள் பாம்பு’ என்ற பாலம், துறைமுக நீருக்கு மேலே 200 மீட்டரை ஒட்டிய நீளத்துக்கு வளைந்து வளைந்து போகிறது. ஆரஞ்சு நிறத் தளம், சைக்கிள் தவிர எதற்கும் இடமில்லை. அதற்கு முன்பு அந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டியிருந்தது. ஒரு மாடிப்படியைத் தவிர்ப்பதற்காக ஒரு பாலம் கட்டினார்கள். நேராகக் கட்டியிருந்தால் செலவும் தூரமும் குறைந்திருக்கும். வளைத்ததால், ஒவ்வொரு வளைவிலும் நீரும் கட்டடங்களும் வேறு கோணத்தில் திரும்பி வருகின்றன. சாம்பல் நிற நவம்பர் மாலையில் அந்த ஆரஞ்சுத் தளத்தில் சரிந்து இறங்குவது ஒரு சிறு பிள்ளையின் ஆனந்தம்.

கியோட்டோவில் அராஷியாமாவிலிருந்து தொடங்கி நாரா வழியாக வாகயாமா வரை சுமார் 180 கிலோமீட்டர் ஓடும் ஆற்றங்கரை சைக்கிள் தடம் ஒன்று உண்டு. அதில் தெற்கே அரை நாள் மிதித்தால் கிசு ஆற்றின் மேல் கோசுயா பாலம் வரும். நீளம் 356 மீட்டர், கைப்பிடிச் சுவர் இல்லாத மரப்பாலம். வெள்ளம் வந்தால் இதன் மேல்தளம் பகுதி பகுதியாகக் கழன்று மிதக்கும்படி கட்டியிருக்கிறார்கள். கம்பிவடத்தால் கட்டப்பட்டிருப்பதால் அடித்துக்கொண்டு போகாது. நீர் வடிந்ததும் இழுத்து மறுபடி பொருத்துவார்கள். புயல் மாதங்களுக்குப் பின் போகிறவருக்குப் பாலம் இருக்குமா என்பதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதன் மேல் சைக்கிளை ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பலகைகளுக்கு நடுவே காலடியில் ஆறு தெரியும். கரையில் தேயிலைத் தோட்டம். முதல் பாலம் நம்மை இறங்க விடாமல் கொண்டுபோகிறது. இரண்டாவது, வந்த வேகத்தை எல்லாம் வாசலில் விட்டுவிட்டு வா என்கிறது.

ஊரை விட்டு வெளியே போகும் விஷயத்தில் எனக்குக் கோபன்ஹேகனே உசத்தி. 1947-இல் வகுத்த ‘ஐவிரல் திட்டம்’, ஐந்து ரயில் பாதைகளை ஒட்டி மட்டும் ஊர் வளரலாம், இடைப்பட்ட பகுதிகள் பசுமையாகவே இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. கடற்கரை ஓரமாக வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் மிதித்தால் டியூரஹாவன் மான் வனம். 1669-இல் அரசரின் வேட்டைக்காக வேலியிட்டது, 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சிவப்பு வாசல்களைத் தாண்டினால் கார் கிடையாது. சுமார் 2,000 மான்கள் திரிகின்றன. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஆண் செம்மான்கள் இணை தேடி உறுமும் காலம். பீச் மரங்களின் மஞ்சளுக்குள்ளிருந்து அந்தக் கனத்த குரல் வரும்போது, சக்கரத்தின் சிறு சத்தம்கூடத் தொந்தரவாகத் தோன்றும், தானாக இறங்கிவிடுவோம். திரும்பும்போது கால் வலித்தால் புறநகர் ரயிலில் சைக்கிளை ஏற்றிவிடலாம். 2010 முதல் அதற்குக் கட்டணம் இல்லை.

கியோட்டோவில் அதற்கு ஈடு கமோ ஆறு. வெளியே போக வேண்டியதே இல்லை, ஆறு ஊருக்குள்ளேயே வடக்கு தெற்காக ஓடுகிறது. கரையில் சிக்னலே இல்லாமல் மிதிக்கலாம். தகானோ ஆறு வந்து கலக்கும் முனையில் ஆமை வடிவக் கற்களைத் தாண்டிப் பிள்ளைகள் அக்கரை போகிறார்கள். அங்கே கையில் தின்பண்டத்தோடு உட்காருகிறவர் வானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பருந்து பின்பக்கமாக வந்து, விரலில் இறக்கை உரச, பண்டத்தை மட்டும் பறித்துக்கொண்டு போய்விடும். இதே முனைக்கு மேலே ஷிமோகாமோ கோயிலின் ததாசு காடு. ஊரில் மற்ற இடங்களில் இலை கொட்டிய பிறகுதான் அங்கே சிவப்பு ஏறுகிறது. கூட்டம் கலைந்த டிசம்பர் முதல் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் என்றேன். கியோட்டோவின் நவம்பர், பேருந்தில் போகிறவருக்குத் தண்டனை. சுரங்க ரயில் இரண்டே தடம். ஜப்பானின் முதல் மின்சார டிராம் 1895-இல் ஓடிய ஊர், 1978-இல் நகர டிராம்களை முற்றிலும் எடுத்துவிட்டது. பாரமெல்லாம் பேருந்தின் மேல் விழுந்தது. மேப்பிள் காலத்தில் உள்ளூர்ப் பாட்டிகளுக்கு மருத்துவமனை போக இடம் கிடைப்பதில்லை. நெரிசலைக் குறைக்க, பயணிகளிடையே புகழ்பெற்றிருந்த பேருந்து ஒருநாள் பாஸின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நகராட்சி நிறுத்தியது. இந்த நிலையில் சைக்கிள் எடுக்கிற பயணி தன் சுகத்தை மட்டும் தேடிக்கொள்ளவில்லை, யாரோ ஒரு பாட்டிக்குப் பேருந்தில் இருக்கையும் விட்டுத் தருகிறார். அந்தப் பயணிக்கு ஊர் என்ன கைம்மாறு செய்கிறது?

இங்கேதான் கோபன்ஹேகனின் வரலாறு பேச வேண்டியதாகிறது. அந்த ஊர் பிறக்கும்போதே சைக்கிள் ஊராகப் பிறக்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் கார் பெருகி சைக்கிள் சரிந்தது. லூயிசா ராணிப் பாலம் கடக்கும் அதே ஏரிகளின் ஓரமாக அகன்ற மோட்டார் நெடுஞ்சாலை போடத் திட்டம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. எண்ணெய் நெருக்கடியின்போது 1973 நவம்பர் 25-ஆம் தேதி, இலையுதிர்காலத்தின் கடைசி ஞாயிறுகளில் ஒன்றில், நாடு முழுதும் காருக்குத் தடை வந்தது. அடுத்த பிப்ரவரி வரை ஞாயிறுதோறும் தொடர்ந்தது. வெற்றுச் சாலைகளில் மக்கள் சைக்கிளோடும் குழந்தைகளோடும் இறங்கினார்கள். பிறகு நகரமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு கூடிப் பாதை கேட்டார்கள். சைக்கிள்காரர் அடிபட்டு இறந்த இடங்களில் வெள்ளைச் சிலுவை வரைந்தார்கள். இன்று நாம் சுகமாக மிதிக்கும் கல் விளிம்புப் பாதை அப்படி வாங்கப்பட்டது.

கியோட்டோவிலும் அகலமான சாலைகள் உண்டு. ஹோரிகாவா, கோஜோ, ஓயிக்கே மூன்றும் ஏறத்தாழ 50 மீட்டர் அகலம். அந்த அகலம் வந்த கதை கொடியது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில், குண்டு வீச்சில் தீ பரவாமல் தடுக்க, அந்தத் தெருக்களை ஒட்டியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை அரசு இடித்துத் தள்ளியது. மக்களிடமிருந்து எடுத்த அந்த இடம் போருக்குப் பின் பெரும்பாலும் காருக்குப் போனது. கோபன்ஹேகன் தன் ஏரிக்கரையைக் காப்பாற்றிக்கொண்டது. கியோட்டோவுக்கு வாய்த்த வெற்றிடத்தை அது இன்னும் சைக்கிளுக்குப் பங்கு போடவில்லை.

பங்கு போடும்போதும் சந்துகளைத் தொடக் கூடாது. நிஷிஜினுக்குள் கல் விளிம்பு வைத்துப் பாதை போட்டால் அந்தச் சந்தின் சுகமே போய்விடும். அரண்மனைச் சரளைத் தடத்தையும் யாரும் தார் போட்டுவிடக் கூடாது. கேட்பது ஹோரிகாவா போன்ற சாலையில், ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு கார் வரிசையின் அகலத்தைத்தான், கோபன்ஹேகனில் இருப்பதுபோல ஒரு படி உயர்த்தி. மேற்கு ஹொங்கான்ஜி கோயிலின் பழைய ஜிங்கோவில் தொடங்கி, நிஜோ கோட்டை அகழியை ஒட்டி, நிஷிஜின் விளிம்பைத் தொட்டு வடக்கே போகும் அந்தச் சாலையின் ஓரமெல்லாம் ஏற்கெனவே ஜிங்கோ வரிசை நிற்கிறது. சரிவு மென்மையானது. பத்து வயதுப் பிள்ளை தனியாக மிதித்து ஏறலாம், அதன் பாட்டி பெடலைத் தொடாமல் இறங்கி வரலாம். டாக்சி நிறுத்த இடம் தேடுகிறவர் வேறு ஓரம் பார்த்துக்கொள்ளட்டும்.